நைட் அக்காவின் பத்து நிமிடம்

அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் நைட் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. முப்பத்து நான்கு வருட நர்ஸ் வேலையில் இருபத்தாறு வருடம் இரவுப் பணி பார்த்தவள். மற்றவர்கள் நைட் டூட்டி என்றால் தலைவலி, காய்ச்சல் என்று சாக்குச் சொல்வார்கள். இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காரணம் அவளுடைய தங்கை. அம்மா போய்ச் சேர்ந்தபோது சின்னவளுக்கு எட்டு வயது. அப்பாவுக்குப் பகல் வேலை. ராத்திரி அப்பா வீட்டில், பகலில் அக்கா வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டால் குழந்தையை ஒரு மணி நேரம்கூடத் தனியே விட வேண்டாம். காலையில் வார்டிலிருந்து வந்து தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அவள் திரும்பி வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். பிறகு வந்து சேர்ந்த வீட்டுக்காரரும் வாய் பேசாமல் இந்த முறைக்குள் அடங்கிப்போனார். பேசியிருந்தாலும் நடக்காது என்பது வேறு விஷயம்.

நைட் டூட்டிக்கென்று ஒரு தேதிக் கணக்கு உண்டு. பதினாலாம் தேதி இரவு எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனால், காலை ஏழு மணிக்கு அடுத்தவளிடம் வார்டை ஒப்படைக்கும் வரை அது பதினாலாம் தேதி டூட்டிதான். நடுவில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும். அது பாட்டுக்கு அடித்துவிட்டுப் போகட்டும், ரிப்போர்ட்டின் தலையில் ஒரே தேதிதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வார்டு பழக்கமும் அதற்குச் சளைத்ததல்ல. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன பிறகும், ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளுக்கு அது 'இன்னிக்கு'தான். காலைக் காபி தொண்டையில் இறங்கிய பிறகுதான் 'நாளைக்கு' பிறக்கும்.

"இந்த வீட்டுல சூரியன்கூட உன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உதிக்கணும்" என்பார் வீட்டுக்காரர்.

சின்னவள் படித்து, லேப் டெக்னீசியனாகி, வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. கல்யாணப் பேச்செடுத்தால், "பொருத்தமானவன் கிடைக்கலைக்கா, கிடைச்சவன் பொருத்தமா இல்லை" என்று சிரித்து மழுப்புவாள். அப்படிப்பட்டவள் நாற்பத்து நான்காவது வயதில் ஒரு நாள் போனில் மென்று விழுங்கினாள்.

"அக்கா, நான் ஒரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"ஐயையோ! இப்பவா?"

"இல்லக்கா, போன வருஷம். முக்கால் மணி நேரம். வெளியே இருந்து ஒருத்தர் ரிப்பேர் பண்ணிக்கிட்டே, நான் பயப்படக் கூடாதுன்னு பேசிக்கிட்டே இருந்தார். அப்புறம் கதவு திறந்துடுச்சு. பேச்சு மட்டும் நிக்கலை."

லிஃப்ட் மெக்கானிக்கை நேரில் பார்த்து எடை போட நைட் அக்கா ஒரு மாத விசாவில் கிளம்பினாள். வீட்டுக்காரர் வரவில்லை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் மனிதர் அவர். விமானத்தைப் படத்தில் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வார்.

மெக்கானிக் நல்ல மனிதராகத்தான் இருந்தார். ஐம்பது வயது, கொஞ்சம் தொந்தி, நகத்து ஓரம் எப்போதும் கிரீஸ் கறுப்பு. சின்னவளின் ஏழாம் மாடி வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து பாத்திரம் கழுவினார். அடியையும் திருப்பித் தேய்த்தார். நைட் அக்கா அதைக் கவனித்து மனதுக்குள் 'பாஸ்' போட்டுவிட்டாள்.

விசா பதினாலாம் தேதி வரை. அந்த ஊரிலிருந்து இவள் ஊருக்கு நாளுக்கு ஒரே விமானம், அதிகாலை ஒன்று ஐம்பதுக்கு. டிக்கெட்டில் பதினைந்தாம் தேதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நைட் அக்காவின் கண்ணுக்கு அது பதினாலாம் தேதி நைட்டாகத்தான் தெரிந்தது. சின்னவளாவது பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் நேரம், தேதி, மாத்திரை மூன்றிலும் அக்கா சொன்னதை யாரும் சரிபார்த்ததே கிடையாது.

விமான நிலையத்துக்குப் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். பெட்டியைப் போட்டு, சீட்டு வாங்கி, பாஸ்போர்ட் பார்க்கும் இடத்துக்கு முன்னால் இருந்த பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் காபி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, இங்கிதம் தெரிந்தவராக, அங்கிருந்த லிஃப்டை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். பன்னிரண்டாகக் கால் மணி இருக்கும்போது சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாலு மாசத்துல கல்யாணம். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்து, அவ்வளவுதான். ஆனா சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். நீ போடலைன்னா எனக்கு அது கல்யாணமே இல்லை."

"பைத்தியம், நான் போடாம வேற யாரு போடுவா?" என்றாள் நைட் அக்கா. அப்புறம் இருவரும் கொஞ்சம் அழுதார்கள், கொஞ்சம் சிரித்தார்கள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கவுண்டருக்குப் போனபோது மணி பன்னிரண்டு பத்து.

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, உங்க விசா நேத்தோட முடிஞ்சுது."

"நேத்தா? இன்னிக்குத்தானே பதினாலு?"

"மணியைப் பாருங்க. பதினஞ்சு பிறந்து பத்து நிமிஷம் ஆச்சு."

நைட் அக்கா விடுவதாக இல்லை. "தம்பி, நீங்க எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தீங்க?"

"எட்டு மணிக்கு."

"எந்தத் தேதின்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"பதினாலு."

"அந்த டூட்டி முடிஞ்சுதா? காலையில ஏழு மணிக்குத்தானே முடியும்? அப்ப இன்னும் பதினாலுதான்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கவுண்டர்காரரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் முத்திரையைக் குத்தினார்கள். பாஸ்போர்ட்டில், 'அனுமதியைக் கடந்து தங்கியது: ஒரு நாள்.'

"பத்து நிமிஷத்துக்கு ஒரு நாளா?"

"எங்க கம்ப்யூட்டருக்கு நிமிஷம் தெரியாதும்மா, நாள்தான் தெரியும். பன்னிரண்டுக்கு முன்னாடி இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தா, விமானம் எத்தனை மணிக்குப் போனாலும் கவலை இல்லை. இனிமே விசா கேக்கும்போது இதைப் பத்திக் கேப்பாங்க. கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நைட் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த கையோடு, அதைப் போடப் போகும் வழியையும் அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

செய்தி தெரிந்ததும் சின்னவள் போனில் அழுதாள். "நான்தான்கா பேசிப் பேசி உன்னை உட்கார வெச்சுட்டேன்." "சும்மா இரு, கடிகாரம் பார்க்க வேண்டியது நான்" என்று அதட்டினாளே தவிர, அன்றிலிருந்து நைட் அக்காவுக்குத் தூக்கம் கெட்டது. இருபத்தாறு வருடம் ராத்திரி விழித்திருந்தவளுக்கு, விழித்திருப்பது அப்போதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுபடி விசாவுக்கு எழுதும் படிவத்தில் பதினேழாவது கேள்வி கண்ணைக் குத்தியது. 'இதற்கு முன் அனுமதித்த நாட்களைக் கடந்து தங்கியதுண்டா?'

வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னு எழுதிடு. பத்து நிமிஷத்தை யார் தேடப் போறா?"

"நடந்ததை எழுதாம விட்டா, வார்டுல ஒரு ஆளு ரெண்டு தடவை ஊசி வாங்குவான். தெரியுமா உங்களுக்கு?"

"இது வார்டா?"

"எனக்கு எல்லாம் வார்டுதான்" என்று சொல்லி, 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். காரணம் எழுத விட்டிருந்த இரண்டு வரி போதவில்லை. தனித்தாள் எடுத்தாள். விண்ணப்பக் கடிதம் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. பழகிய ஒன்றை எழுதினாள்.

'இரவு 10.00: பயணி விமான நிலையம் வந்து சேர்ந்தார். நிலைமை சீராக உள்ளது. 11.00: பெட்டி ஒப்படைக்கப்பட்டது. 11.20: காபி, ஒரு கப். 11.45: தங்கை திருமணச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். பயணி சம்மதித்தார். 11.50: கண்ணீர், இருவருக்கும். மருந்து தேவைப்படவில்லை. 11.55: சிரிப்பு. பயணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இது பயணியின் தவறு. 12.10: கவுண்டர். தேதி மாறியிருந்தது.' அடியில், நைட் டூட்டியில் தேதி எப்படிப் போடுவார்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

மூன்று வாரம் கழித்து நேரில் வரச் சொன்னார்கள். விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, கடுகு போட்டால் வெடிக்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தாளை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார்.

"'மருந்து தேவைப்படவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இதையெல்லாம் நாங்க கேட்டோமா?"

"பார்த்ததை எழுதணும் மேடம். எது முக்கியம்னு படிக்கிறவங்கதான் முடிவு பண்ணணும்."

அந்த அம்மாள் குனிந்துகொண்டார். சிரித்தாரா இருமினாரா என்று இவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கல்யாணம் என்னிக்கு?"

"இருபதாம் தேதி காலையில பதினோரு மணி. பகல்தான் மேடம், அந்தத் தேதியில குழப்பமே வராது."

பாஸ்போர்ட் வீடு வந்தது. பிரித்துப் பார்த்தால் விசா இருந்தது. பதினைந்து நாள் கேட்டதற்குப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று மூன்றே நாள். பழைய முத்திரைக்குத் தண்டனை. இருபதாம் தேதி அதிகாலை விமானத்தில் திரும்பினால் கல்யாணம் இல்லை. அடுத்தது இருபத்தொன்று அதிகாலை ஒன்று ஐம்பதுதான். போன தடவை மாதிரியே, அச்சு அசலாக. ரிஜிஸ்தர் ஆபீசில் கேட்டதற்கு, இரண்டு மாதத்துக்கு வேறு தேதியே காலி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

"மறுபடியும் அதே பள்ளமா?" என்று தலையில் கை வைத்தார் வீட்டுக்காரர். "இந்தத் தடவையும் குத்திட்டாங்கன்னா, அப்புறம் உன் தங்கச்சியை நீ போட்டோவுலதான் பார்ப்பே."

"பன்னிரண்டுக்கு முன்னாடி கோட்டைத் தாண்டணும், அவ்வளவுதானே? தாண்டிக் காட்டுறேன்."

இருபதாம் தேதி பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு நைட் அக்கா சாட்சிக் கையெழுத்தைப் போட்டாள். தேதியை எழுதுவதற்கு முன் மட்டும் சுவர்க் கடிகாரம், காலண்டர், ரிஜிஸ்திராரின் கைக்கடிகாரம் மூன்றையும் பார்த்தாள். வெளியே வந்ததும், "சரி, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பலாம்" என்றாள்.

"அக்கா! மணி பன்னிரண்டுகூட ஆகலை. இன்னும் பதினாலு மணி நேரம் இருக்கு!"

"பட்டது போதும்டி. நான் அங்கே போய் உட்கார்றேன். நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா எங்கேயாவது போங்க."

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "நாங்க எங்கேயும் போறதா இல்லக்கா. உங்க கூடத்தான்."

ஆகக் கல்யாண விருந்து விமான நிலையத்துப் பெஞ்சில் நடந்தது. பொட்டலச் சாப்பாடு, காகிதத் தட்டில் ஒரு கேக், மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் மூன்று ஸ்பூன். பூங்கொத்தைப் பெட்டியின் கைப்பிடியில் செருகி வைத்தார்கள். துடைப்பத்தோடு போன துப்புரவுக்காரம்மாவுக்கும் ஒரு துண்டு கேக் போனது. சாயங்காலம் அங்கே ஒரு லிஃப்ட் நின்றுவிட, கல்யாணக் கோட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று ஓடியவர் அரை மணி கழித்துத்தான் வந்தார். "இதைத்தான் கட்டிக்கிட்டே, நல்லாத் தெரிஞ்சுக்கோ" என்று தங்கையைச் சீண்டினாள் நைட் அக்கா. சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது. போன தடவை வந்திருந்தபோது சின்னவளுக்குப் பகலெல்லாம் லேப் வேலை. இத்தனை வருடத்தில் அவளோடு ஒரு முழுப் பகல், தூக்கம் வராமல், உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. அதைச் சின்னவளிடம் சொன்னாள். சின்னவள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பத்து ஐம்பதுக்குப் பெட்டி போடும் கவுண்டர் திறந்தது. முதல் ஆள் அவள்தான். "இனிமே பேச்சே கிடையாது" என்று இருவரையும் அவசரமாகக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். பாஸ்போர்ட் கவுண்டரில் அதே அதிகாரி.

"காலை ஏழு மணி அம்மாவா? இன்னிக்கு என்ன தேதி?"

"இருபது. மணி பதினொண்ணு அஞ்சு. கம்ப்யூட்டரையே கேட்டுக்குங்க."

சுத்தமான முத்திரை விழுந்தது. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு ஏக்கமும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் இவள், நடுவில் வீணாய்ப் போகும் ஐம்பத்தைந்து நிமிடம். சின்னவள் கல்யாண நாளில் அவ்வளவையும் கடிகாரத்துக்குத் தாரை வார்த்துவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

போன் அடித்தது.

"அக்கா, நாங்க இன்னும் அதே பெஞ்சுலதான் இருக்கோம். தாண்டிட்டே இல்ல? இனிமே நாம பேசலாம்தானே?"

பேசினார்கள். மாப்பிள்ளை பெஞ்சிலேயே தூங்கிவிட்டதையும், எட்டு வயதில் கோணலாகப் பின்னிய பின்னலையும் பேசினார்கள். நைட் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு முட்களும் ஒன்று சேர்ந்து, பிரிந்தன.

சின்னவளும் பார்த்திருக்க வேண்டும். "பன்னிரண்டு அடிச்சாச்சுக்கா. என் கல்யாண நாள் முடிஞ்சு போச்சு."

"யாருடி சொன்னது முடிஞ்சுதுன்னு?" என்று அதட்டினாள் நைட் அக்கா. "காலையில ஏழு மணி வரைக்கும் இருபதாம் தேதிதான்."