ஜிபெக் காட்டிய கை

கஜகஸ்தானின் கரகண்டா தொழில்நுட்பக் கல்லூரியில் எங்கள் இயற்பியல் துறைக்கு டாமெஷ் என்றால் தனி மரியாதை. கரும்பலகையில் ஒரே வீச்சில் அவள் போடும் வட்டத்தைப் பார்க்கவே பிள்ளைகள் முன் வரிசைக்கு வருவார்கள். கல்லூரி ஒளிப்பலகை வாங்கும்வரை அப்படித்தான் இருந்தது.

ஒளிப்பலகை என்பது விளிம்பில் விளக்கு பதித்த பெரிய கண்ணாடி. ஆசிரியர் பின்னால் நின்று, கேமராவைப் பார்த்தபடியே எழுதலாம். எழுத்து எதிர்ப்பக்கம் இடவலம் மாறித் தெரியுமே என்று, படத்தைக் கணினியில் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிவிடுவார்கள். அதில் முதலில் பாடம் எடுத்தவள், புதிதாகச் சேர்ந்த ஜிபெக். கறுப்புச் சட்டை, இருட்டில் மிதக்கும் பச்சை எழுத்து, நடுவே அவள் சிரிப்பு.

"பாடமா, பற்பசை விளம்பரமா?" என்றாள் டாமெஷ்.

ஒருநாள் தன் மாணவர்களே நடைவழியில் போனில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டாள்.

"நான் நடத்தினது புரியலையா?"

"புரிஞ்சுது டீச்சர். இதுல யார் முதுகும் மறைக்காது, அதான்," என்றாள் மோல்தீர்.

அன்றிலிருந்து டாமெஷ் ஜிபெக்கின் ஒவ்வொரு வீடியோவையும் குற்றம் தேடிப் பார்த்தாள். காந்தப் புலப் பாடத்தில் அது அகப்பட்டது. மின்கம்பியைச் சுற்றிய புலத்தின் திசையைக் காட்ட, வலக்கை விதிப்படி ஜிபெக் வலது கையைத் தூக்கியிருந்தாள். படம் திருப்பப்பட்டதால் அது இடது கையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துச் செய்பவனுக்குத் திசை நேர்மாறாக வரும். டாமெஷ் தேநீரில் பாலை ஊற்றிக் கலக்கிக் குடித்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தேர்வு வந்தது. மேற்பார்வைக்கு நடந்தவள், தன் வகுப்பிலேயே பாதிப்பேர் இடது கையை முறுக்கி முறுக்கிப் பார்ப்பதைக் கண்டாள். முதலில் உள்ளே இனித்தது. பிறகு மோல்தீரின் விடைத்தாளில், அழகாக வரைந்த தப்பான அம்பு.

தேர்வு முடிந்ததும் கேட்டாள்: "நான் வகுப்புல எந்தக் கையைக் காட்டினேன்?"

"ஞாபகம் இல்ல டீச்சர். வீடியோல இதான்," என்று இடது கையைத் தூக்கினாள் மோல்தீர்.

அந்தப் பதில் டாமெஷைச் சுட்டது. நேராகத் தேநீர் அறைக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"ஜிபெக், உன் கை தப்பு. வீடியோல இடது கையாத் தெரியுது."

விஷயம் புரிந்ததும் அவள் முகம் வெளிறியது. "ஐயோ! நீங்க எப்பக்கா பாத்தீங்க?"

"நீ போட்ட வாரமே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! பசங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"பொறாமைடி. வேற என்ன சொல்றது?"

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. ஜிபெக் எழுந்து வெளியே போய்விட்டாள். சில நாள் கழித்து, அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மறுதேர்வு என்று முடிவானபோது அவளே வந்தாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள்.

"அந்தப் பாடத்த நீங்களே எடுங்க. நான் கேமரா பாத்துக்கறேன்."

வீடியோவில் வலதாகத் தெரிய, இப்போது இடது கையைத் தூக்க வேண்டும். டாமெஷுக்குப் பழக்கதோஷம், வலது கைதான் எழுந்தது.

"இடது, அக்கா!"

"தெரியும்டி, கத்தாத!"

எழுதி முடித்ததும் வலது கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டுதான் கடைசியில் சரியாகக் காட்டினாள்.

மறுதேர்வில் பிள்ளைகள் ஒழுங்காக எழுதினார்கள். டாமெஷ் இப்போது வாராவாரம் ஒளிப்பலகையில் பாடம் எடுக்கிறாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து, தன் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள், ஜிபெக்குடையதை எத்தனை பேர் என்று பார்க்கிறாள். ஜிபெக்தான் முன்னால். டாமெஷ் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பாடத்தை யோசிக்கிறாள்.