மூக்கில் வைத்த ஈயம்

விமான மாடல் செய்கிறவர்களுக்கென்று ஒரு வெட்கக்கேடு உண்டு. மாதக்கணக்கில் குந்தி உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, கடைசியில் மேசையில் நிறுத்தினால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். முன்சக்கரம் உள்ள விமானங்களில்தான் இந்த வம்பு. அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் கொஞ்சம் கனம் வைத்துவிட வேண்டும். நான் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை வைப்பேன். மூடிய பிறகு நினைவு வந்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் பைத்தியத்தைப் பற்றி என் மனைவிக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "ஒரு சக்கரத்துக்கு ஒரு வாரம் உக்காருற ஆளுக்கு, கிச்சன் குழாய்ல வாஷர் மாத்த மட்டும் நேரம் இல்ல" என்பாள். நியாயமான பேச்சுதான். ஆனால் போன தடவை ஒரு சரக்கு விமானத்தைச் செய்தபோது அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா விமானப் பராமரிப்பில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு புரொப்பல்லர் வைத்த சரக்கு விமானங்களுக்குள்ளேயே அவருடைய வேலைக்காலம் போயிற்று. இப்போது அம்மாவோடு ஆஸ்டின் டவுன் வீட்டில் இருக்கிறார். மறதி நோய். முதலில் தெருக்களை மறந்தார், பிறகு பெயர்களை. அம்மாவை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார். "இத்தன வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு நல்ல பட்டம்" என்று அம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள், உடனே வரமாட்டாள்.

என்னை அவர் மறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறந்து, வெளியாட்களிடம் காட்டும் மரியாதையோடு, "யாரு சார் வேணும்?" என்றார். அப்பா என்னை 'டா' போடாமல் பேசி நான் கேட்டதே இல்லை. கோபத்தில் டா, கொஞ்சலில் டா, போனை எடுத்ததும் "என்னடா?" அந்த 'சார்' என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

பழகிய பொருட்களைக் கண்ணில் காட்டுங்கள், சில நேரம் ஏதாவது திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, நான் நேராக வீட்டுக்குப் போய் அப்பா வேலை பார்த்த அந்தச் சரக்கு விமானத்தின் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய கிட்டுக்கு ஆர்டர் போட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா அதைப் பார்க்க வேண்டும், பிறகு என்னைப் பார்த்து "நீ செஞ்சதாடா?" என்று கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் போதும்.

எங்கள் ஹெப்பகோடி ஃபிளாட்டின் பால்கனியில் அது கொஞ்சம் கொஞ்சமாக விமானம் ஆயிற்று. இணைப்புத் தெரியாமல் புட்டி வைத்துத் தேய்த்தேன். தேய்த்ததில் அழிந்த ரிவெட் புள்ளிகளை ஊசியால் மறுபடி குத்தினேன். எஞ்சினுக்குப் பின்னால் புகை படியும் இடத்தில் கரித்தூளை மிக லேசாகத் தடவினேன். அப்பா இளவயதில் ஒரு விமானத்தின் முன் இடுப்பில் கை வைத்து நிற்கும் போட்டோ இருக்கிறது. அதில் தெரிந்த வால் எண்ணையே என் விமானத்துக்கும் எழுதினேன். இனிமேல் இதுபோல் ஒன்று என் கையில் வராது.

ஷூ பெட்டியில் பஞ்சு அடைத்து, அதற்குள் விமானத்தை வைத்து ஆட்டோவில் கிளம்பினேன். "கேக்கா சார்?" என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றேன், அப்போதாவது மெதுவாக ஓட்டுவார் என்று. ஓசூர் ரோட்டின் பள்ளங்களுக்குக் கேக்கும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். ஆஸ்டின் டவுனில் மாடிப்படி ஏறும்போது பெட்டிக்குள் 'கடக்' என்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூக்கில் வைத்த ஈயம் பிடி விட்டிருக்கிறது. ஈயத்துக்கு எபாக்ஸி பசைதான் சரி. நான் அவசரத்துக்கு சூப்பர் குளூ போட்டிருந்தேன். அது காய்ந்தால் மொறுமொறுப்பாகி அதிர்வில் விட்டுவிடும். பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில், அடுத்தவன் செய்த பொருளை ஆட்டிப் பார்த்துக் குறை சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். என் லட்சணம் இது. பரவாயில்லை, குண்டு மூக்குக்குள்ளேயேதான் உருள்கிறது, நிறுத்தினால் நிற்கும், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் நிறுத்தினேன். அப்பா பார்த்தார். உடனே எழுந்து வந்தார். இறக்கைக்கு அடியில் விரலை ஓட்டினார், குனிந்து சக்கரக் குழியைப் பார்த்தார், புரொப்பல்லரை நகத்தால் சுற்றினார். "நம்ம ஏர்கிராஃப்ட்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் போய், "நான் செஞ்சதுப்பா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. விமானத்தை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தார்.

கடக்.

அவர் முகம் மாறிவிட்டது. "உள்ள ஏதோ கெடக்கு."

"ஒண்ணும் இல்லப்பா, சின்ன ஈயம்…"

"கடைசியா யாரு வேல பாத்தது? டூல்ஸ் எண்ணினீங்களா?"

அவர்களுடைய தொழிலில் அது வேதவாக்கு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியும் பெட்டியில் அதற்கென்று வெட்டிய குழியில் போய்ப் படுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது உள்ளே கிடக்கிறதோ என்று விமானம் நகராது, ஆட்களும் வீட்டுக்குப் போக முடியாது. நான் சின்னவனாக இருந்தபோது அப்பா வர நேரமானால், "இன்னிக்கு எவனோ ஸ்க்ரூடிரைவர தொலைச்சிட்டான் போல" என்பாள் அம்மா. அவர் வரும்வரை சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து ஜன்னலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா உட்காரவில்லை. ஈயம் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறவில்லை. அம்மா வைத்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். விமானத்தை ஆட்டுவதும் காதில் வைத்துக் கேட்பதுமாக நடந்தார். "இதோட மேல போனா என்ன ஆகும்? உள்ள ஆளுங்க இருக்காங்கய்யா" என்றார்.

"எடுத்துக் குடுத்துத் தொலையேன்டா. மனுஷன் தவிக்கிறாரு பாரு" என்றாள் அம்மா.

"ஒடச்சாதாம்மா வரும்."

"ஒடை."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்த பொருளை நானே அறுக்க வேண்டும், அப்போதும் அவர் என்னைப் பார்க்கப்போவதில்லை. அவருடைய பழைய பெட்டியிலிருந்து ஹாக்ஸா பிளேடை எடுத்தேன். விமானிகளின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து அறுத்தேன். அம்மா அன்று காலை பூசைக்குப் போகுமுன் விரித்த மேசைத்துணியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தூள் கொட்டியது. அப்பா எதிரே நின்று இறக்கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா… ஸ்கின் கிழியாம…" எங்கள் இருவர் தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. அவருடைய தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

மூக்கு தனியாக வந்தது. ஈயம் துணியில் விழுந்தது. மூக்கில்லாத விமானம் பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்தது. குண்டை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரல்களை மூடிக்கொண்டார்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

அவர் என் தோளில் கை வைத்தார். அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பாவம், உனக்கு லேட் ஆயிடுச்சு தம்பி" என்றார். "வீட்ல அப்பா இருக்காரா?"

"இருக்காரு சார்."

"அப்ப கெளம்பு, கெளம்பு. நீ வராம அவரு சாப்புட மாட்டாரு."