ஏழாவது கதவு

எங்கள் அன்பியம் என்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாலு தெருக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டம். கோயில் திருவிழாவுக்கு முன்னால் வருஷா வருஷம் பைபிள் வினாடி வினா வைப்போம். போன தடவை அதில் சண்டை வந்து இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்த முறை விளையாட்டாக ஒரு மாயமந்திர சாகசக் கதைப் போட்டி. எழுதியவரே கூட்டத்தில் படிக்கவேண்டும். முதல் பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். அந்தக் கதையைத் திருவிழா மேடையிலும் படிக்கலாம்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் முசே என்று கூப்பிடுவோம். அடுத்தது, கூட்டம் நடந்த வீட்டுக்கார அக்கா. மூன்றாவது நான். பத்தாவதோடு நின்றவன், சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பூசையில் வாசகம் வாசிப்பவன், அன்பியத்தில் மன்றாட்டு சொல்பவன் என்று என்னையும் போட்டுவிட்டார்கள்.

முதலில் நல்ல சிரிப்பு. ஆட்டோ ஓட்டுகிற தம்பியின் கதையில் ராட்சசன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய் மார்க்கெட் நெரிசலில் மாட்டிக்கொண்டான். ஒரு அம்மா பறக்கும் கிரைண்டரில் போய் அரக்கியை அரைத்துவிட்டார். "அது எந்தக் கம்பெனி கிரைண்டர்மா? என் வீட்ல மட்டும் சொல்லிடாத, பறந்துடுவா" என்றான் ஆட்டோ தம்பி. "மொதல்ல மிக்சிய ரிப்பேர் பண்ணிக் குடு" என்றாள் அவன் மனைவி.

பிறகு எங்கள் எதிர்வீட்டுத் தங்கச்சி எழுந்தாள். அவள் புருஷன் கிட்னி கெட்டுப் படுத்திருந்தபோது செவ்வாய்க்கிழமை தவறாமல் அவள் வீட்டில் கூடி ஜெபித்தோம். மன்றாட்டு சொன்னது நான்தான். ஆனால் அவர் போய்விட்டார். அடக்கத்துக்குப் பிறகு அவள் கோயிலுக்கும் வரவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. இந்தப் போட்டிக்குத்தான் கதவைத் திறந்து வெளியே வந்திருந்தாள்.

அவள் கதையில் ஒருத்தி, தன் கணவனைக் கொண்டுபோன மலையைத் தேடிக் கடல் தாண்டிப் போகிறாள். மலைக்குள் ஏழு கதவுகள். கதவுக்குக் கதவு ஒரு பூதம் காவல். ஒன்றுக்கு வளையல், ஒன்றுக்குத் தலைமுடி, ஒன்றுக்குத் தன் தூக்கம் என்று கொடுத்துக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு தடவையும், "என் வீட்டுக்காரரைத் திருப்பித் தரவேண்டுமென்று உம்மை மன்றாடுகிறேன்" என்கிறாள்.

ஜெபத்தில் ஒருவர் 'மன்றாடுகிறோம்' என்று முடித்ததும் மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வது வழக்கம். அதனால் எங்கள் ஆட்களுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும். முதல் கதவிலேயே, அரைத் தூக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். கூட்டமே கொல்லென்று சிரித்தது. தங்கச்சியும் சிரித்துவிட்டாள். அடுத்த கதவிலிருந்து எல்லோரும் வேண்டுமென்றே சேர்ந்து சொன்னோம். நானும் சொன்னேன்.

ஏழாவது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பூதம் இல்லை. யாருமே இல்லை. அந்த இருட்டைப் பார்த்து அவள் மன்றாடினாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம், வாய்ப்பழக்கத்தில், உரக்க.

தங்கச்சி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தைப் படித்தாள்: "பதில் வரவில்லை. அவள் வந்த வழியே திரும்பினாள். விடிந்ததும் உலை வைத்தாள்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை.

நடுவர்கள் சமையலறைக்குள் போனோம். "இதுக்குத்தான் முதல் பரிசு, வேற பேச்சே இல்ல" என்றார் முசே.

"திருவிழா மேடையில, ஃபாதர் முன்னாடி, பதில் வரலன்னு படிக்கிறதா முசே?" என்றாள் அக்கா. "நல்லாத்தான் எழுதியிருக்கா, பாவம். கடைசியில மாதா வந்து கையப் புடிச்ச மாதிரி ரெண்டு வரி சேக்கச் சொல்லுங்க. நானும் மார்க் போடறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இரண்டு வரி இருந்தால் நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் பரிசு இல்லையென்றாலும் சரி, கதையை மாற்றச் சொன்னாலும் சரி, அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பயமாக இருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த தங்கச்சி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"அண்ணா, மாதா வந்திருந்தா நான் எழுதாம இருப்பேனா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். அக்கா ஹாட் பாக்ஸை எடுத்து என் கையில் வைத்தாள்.

பரிசு கொடுத்தாயிற்று. முடிவு ஜெபத்துக்கு வழக்கம்போல நான் மன்றாட்டு சொல்லவேண்டும். நோயாளிகளுக்காக, பிள்ளைகள் படிப்புக்காக என்று தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போகிறவன். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஹாட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, பதில் வராத வீடுகளுக்காக..." என்றேன். 'மன்றாடுகிறோம்' என்று முடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த வார்த்தை வராததால் மற்றவர்களுக்கும் எங்கே பதில் சொல்வதென்று தெரியவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி எழுந்து போகவில்லை.

நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்தது ஜெபத்தில் சேருமா என்று ஃபாதரிடம் கேட்கவேண்டும். இன்னும் கேட்கவில்லை.