நான் பசியைக் கேட்டேன், என் மகள் வேறொன்றைக் கேட்டிருந்தாள்

ஊருக்கே பரோட்டா போடுகிறவன் வீட்டில் ஒரு பிள்ளை சோற்றைத் தொடமாட்டேன் என்கிறது. ஒரு கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா? அல்லாஹ் எனக்கு அதைத்தான் கொடுத்தான். பிறகு அவனே கைதூக்கியும் விட்டான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சகோதரர்களே, சகோதரிகளே, தாராளமாகச் சிரித்துக்கொண்டே படியுங்கள். நான் பட்ட பயத்தை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

கடை தேவிபட்டினத்தில். மகள் ஜைனப் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் நிற்காத மனசு. உப்பு எடுத்து வா என்றால் அடுப்படிக்குப் போவாள், ஜன்னலில் காக்காயைப் பார்ப்பாள், மாடிக்கு ஏறுவாள், காய்ந்த துணியோடு இறங்கி வருவாள். உப்பு மட்டும் வராது. பள்ளிக்கூடத்தில் திட்டு. வீட்டில் திட்டு. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாதான் பொறுமையாக விசாரித்து, "இது திமிர் இல்லைங்க, கவனக்குறைபாடு" என்றார். காலையில் ஒரு மாத்திரை எழுதினார். "பசி கொறையலாம். எடையைப் பாத்துக்கிட்டே இருப்போம். ஏதாச்சும்னா நேரா இங்கன வாங்க" என்றும் சொன்னார். கடைசி வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. கவனக்குறைபாடு எங்கள் வீட்டில் யாருக்கு என்று பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மாத்திரை வேலை செய்தது. பாதியில் நின்ற வீட்டுப்பாடமெல்லாம் முடிந்தது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. கன்னம் ஒட்டியது. எனக்குத் தூக்கம் போனது. ஒருநாள் கடைக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறச் சொன்னேன்.

"வாப்பா, நான் என்ன மைதா மூட்டையா?"

"மூட்டையா இருந்தா எனக்கு ஏம்மா கவலை? ஏறு."

முள் இறங்கித்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து என் மச்சான் வாட்ஸப்பில் பேசி அனுப்பினான். "மச்சான், அது போதை சாமான். புள்ளயப் பாழாக்கிறாதீய." அவன் அங்கே ஏசி மெக்கானிக். ஆனாலும் பயந்தவனுக்கு ஏசி மெக்கானிக்கும் எம்.பி.பி.எஸ்.தான்.

ரமலான் வந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு சஜ்தாவிலும் ஒரே துஆ, ஒரே வேண்டுதல்: யா அல்லாஹ், என் பிள்ளைக்குப் பசியைக் கொடு. கேட்டதோடு விட்டேனா? "நோன்பு மாசத்துல மாத்திரை வேணாம், அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சொல்லி, மாத்திரை அட்டையை எடுத்து என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்தேன்.

ரெண்டொரு நாளில் நோன்பு திறக்கும்போது ஜைனப் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வாங்கிக் குடித்தாள். வடை தட்டு காலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துஆ கபூலாகிவிட்டது, கேட்டதை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்று பள்ளிவாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மனைவி ரஹ்மத் மட்டும் சொன்னாள்: "கொஞ்சம் இருங்க. மாத்திரைய நிறுத்துனா யாருக்கும் பசிக்கத்தான் செய்யும். அதுக்குள்ள ஏன் தண்டோரா போடுறீங்க?"

பிறகு ஒரு சாயங்காலம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜைனப் அஸர் தொழ நின்றாள். பாதியில் நிறுத்தினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தினாள். கடைசியில் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"என்னம்மா, பசிக்குதா?" என்றேன். எனக்கு வேறு கேள்வி தெரியாதே.

"எத்தனை ரக்அத் தொழுதேன்னே தெரியல வாப்பா. ஓத ஆரம்பிச்சா மனசு எங்கேயோ போயிருது. மாத்திரை போட்டப்பத்தான் மொதத் தடவையா முழுசாத் தொழுதேன். சின்னதுல இருந்து நான் ஒரே துஆதான் கேட்டேன், என் மனச ஒரு எடத்துல நிக்க வைன்னு. அல்லாஹ் குடுத்தான். நீங்க எடுத்து ஒளிச்சு வச்சுட்டீங்க."

எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிற நான், அன்றைக்கு வெங்காயத்தைக் காரணம் காட்டி அழுதேன்.

மறுநாளே ராமநாதபுரம் போனோம். டாக்டரம்மா என்னைத்தான் முதலில் பிடித்தார். "நீங்களா நிறுத்துனா, பசியக் கொறைக்காம மருந்தைச் சரிபண்ண முடியுமான்னு நான் எப்பப் பாக்குறது?" எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து அளவைக் குறைத்தார். மாத்திரைக்கு முன்னால் நல்ல காலைச் சாப்பாடு, அதன் வேகம் அடங்கும் சாயங்காலம் வயிறு நிறையச் சாப்பாடு என்றார். இந்த மாதம் நோன்பு வேண்டாம் என்றதும் ஜைனப் முகம் வாடியது. பள்ளிவாசலில் தொழவைக்கும் எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டோம். "நோயாளிக்குச் சலுகை குடுத்ததும் அல்லாஹ்தானம்மா. அவன் குடுக்குறத வாங்கிக்க வெக்கமா? விட்ட நோன்ப அப்புறம் புடிச்சுக்கலாம்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். எடை இறங்குவது நின்று, மெல்ல ஏற ஆரம்பித்தது. சாயங்காலம் முதல் பரோட்டா அவளுக்குத்தான். மாத்திரை மந்திரமில்லை, இன்றைக்கும் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிறாள். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது என்றும் டாக்டரம்மா சொன்னார். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். நானோ ஷார்ஜாவோ இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு துஆ போயிருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுக்கிறவன் அல்லாஹ் என்று நினைத்தது என் அவசரம். அவன் இரண்டையும் கொடுத்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நம்பிக் கை ஏந்துங்கள். மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால், நீ என்ன துஆ கேட்கிறாய் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன வாரம் நானும் கேட்டேன். "எங்க வாப்பா சும்மா சும்மா பயப்படாம இருக்கணும்னு கேக்குறேன்" என்றாள். அது இன்னும் கபூலாகவில்லை. நீங்களும் எனக்காகக் கொஞ்சம் கேளுங்கள்.