ஹட்டனில் தொலைந்த மல்லி

இந்தத் தை மாதம் பொகவந்தலாவையில் ஒரு கல்யாணத்துக்காக இலங்கை போனோம். மாப்பிள்ளை சிவா அந்த ஊர்க்காரர், மதுரையில் என் கணவர் ரகுவோடு படித்தவர். தாலி கட்டியதும் ரகு பாட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து வாக்கு. "நீ பாடாம நான் மேடைய விட்டு எறங்க மாட்டேன்" என்று சிவா போனில் வேறு மிரட்டியிருந்தார்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயில். ஜன்னலோரம் கிடைத்த பெருமையில் ரகு ஐந்து மணி நேரமும் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். சொன்னால் கேட்கிற ஆளா? ஹட்டனில் இறங்கும்போது தொண்டை கட்டிப்போய், டீ கேட்கக்கூடச் சைகைதான். மறுநாள் காலை முகூர்த்தம்.

எங்கள் வீட்டில் தொண்டைக்கு ஒரே மருந்து மல்லித் தண்ணீர். (மதுரைக்காரிக்கு மல்லி என்றால் முதலில் பூ. அடுப்படிக்குள் வந்துவிட்டால் கொத்தமல்லி. நாங்கள் குழம்புவதில்லை.) ரகுவைப் பைகளோடு பஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, ரோட்டோரம் சோளம் அவித்து விற்ற சிங்கள அம்மாவிடம் போனேன். ரயிலில் கற்றுக்கொண்ட நாலு சிங்கள வார்த்தைகளில் ஒன்றைச் சேர்த்து, "மல்லி ஓனே" என்றேன். மல்லி வேண்டும்.

அந்த அம்மா பதறி, "மல்லி நெத்த?" என்றார். மல்லி இல்லையா என்கிறார், சரிதானே? "நே, நே", இல்லை இல்லை என்று சோகமாகத் தலையாட்டினேன். அடுத்த கேள்வியில் 'கீயத' மட்டும் பிடிபட்டது. எவ்வளவு என்று அர்த்தம். ஐம்பது கிராம் போதுமே என்று ஐந்து விரலைக் காட்டினேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சோளத்தை அப்படியே போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் என்பதால் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதில் சிங்களத்தில் ஓர் அறிவிப்பு, நடுநடுவே மல்லி, மல்லி. கண்டக்டர்கள் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். இந்த ஊரில் மல்லிக்கு இவ்வளவு தட்டுப்பாடா என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் இறங்கி வந்தார். "என்னம்மா, அஞ்சு வயசுத் தம்பியத் தொலைச்சிட்டீங்களாமே?"

"எனக்குத் தம்பியே கெடையாதுங்க. மல்லிதான் கேட்டேன், தொண்டைக்கு."

அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிங்களத்துல மல்லின்னா தம்பிங்க. சாமானுக்கு அவங்களும் கொத்தமல்லின்னுதான் சொல்லுவாங்க."

அவர் விஷயத்தைச் சொன்னதும் பஸ் நிலையமே சிரித்தது. கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன், ஆனால் சோளக்கார அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு ஏதோ சொன்னார். "அடுத்த தடவ தம்பியக் கையோட கூட்டிட்டு வரணுமாம்" என்றார் பெரியவர். அவர் வீட்டிலேயே மல்லியும் இஞ்சியும் கொதிக்கவைத்து பிளாஸ்க் நிறையக் கொடுத்தார்கள்.

போகிறவர்களுக்கு: ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். வளைவுப் பாதை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். தலை சுற்றுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். மப்ளர் அவசியம். கடையில் எதையும் முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் பயமில்லை. இல்லாத என் தம்பியை அத்தனை பேர் தேடியதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

ரகு பாடினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? முதல் வரி கரகரத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வரியில் குரல் திறந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைதட்டல் ஓய்வதற்குள், ரகு மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்து, அவர் வீட்டுத் தெலுங்கில் ஆசையாகக் கேட்டார்: "மள்ளீ?"

மறுபடியும் பாடட்டுமா என்று அர்த்தம். முன்வரிசையில் இருந்த சிங்கள விருந்தாளி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வரப்போகிற தம்பிக்காக நகர்ந்து இடம் விட்டார்.