அடுத்த பாட்டு யாருடையது

டிஜே என்றால் ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் இஷ்டத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடி ராஜா மாதிரி நிற்பவன் என்று இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் அந்த மேடையில் நின்றவன். பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருந்த ஒரு ஹோட்டலின் முதல் மாடியில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருஷங்களில் சனிக்கிழமைதோறும் பாட்டுப் போட்டேன். அங்கே வந்துபோன அத்தனை பேருக்கும் என் பாட்டின் மேல் அதிகாரம் இருந்தது. இல்லாதவன் நான் ஒருவன்தான்.

அதற்கு முன்னால் ஒரகடத்தைச் சுற்றியிருந்த எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று ஸ்பீக்கர் கட்டுவோம். அங்கே ஒரே ஒரு விதிதான்: முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்க வேண்டும். வல்லக்கோட்டைப் பக்கம் என்றால் அது முருகன் பாட்டு. அதைப் போட்டு முடித்துவிட்டால் அப்புறம் யாரும் நம் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். மெதுவான பாட்டுக்குப் பின்னால் ஒரு கானா, அதற்குப் பின்னால் பழைய சோகப் பாட்டு ஒன்று. பந்தியில் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போவார். கூட்டம் என்ன மனநிலையில் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து அடுத்த பாட்டை எடுக்கிற சுகம் இருக்கிறதே, அதை ஒரு தடவை அனுபவித்தவனால் விட முடியாது.

அந்தச் சுகத்தை நம்பித்தான் ஹோட்டலுக்குப் போனேன். போன முதல் வாரமே புரிந்துவிட்டது, இது வேறு சமாச்சாரம் என்று. சின்ன ஹால். தரையில் கண்ணாடி பதித்து அடியில் கலர் லைட். ஒரு ஓரத்தில் பார். எதிர் ஓரத்தில் மூன்று படி ஏறினால் என் மேடை. கம்பெனிகளுக்கு மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு என்ஜினியர்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பர்சேஸ் ஆட்கள் வருவார்கள். பெங்களூருக்குப் போகிற வழியில் காரை நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். ஒருத்தர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார். இன்னொருத்தர் பெரிய பாட்டிலாக வாங்கி மேஜையில் வைத்துவிட்டால் என் ஸ்பீக்கரையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

இவர்கள் எல்லாரையும்கூடச் சமாளித்துவிடலாம். மேனேஜரைத்தான் முடியவில்லை. அவர் சென்னையில் ஹோட்டல் படிப்புப் படித்தவர், கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரு பேனா சைஸ் டார்ச் வைத்திருப்பார். பார் பக்கம் நின்றுகொண்டு அதை என் மூஞ்சியில் அடிப்பார். ஒரு தடவை அடித்தால் பாட்டை மாற்ற வேண்டும். இரண்டு தடவை அடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகமான பாட்டையே போட்டுக்கொண்டிருந்தால் ஜனம் ஆடிக்கொண்டே இருக்கும், பாரில் வியாபாரம் நடக்காது. அதனால் கொஞ்ச நேரம் ஆடவிட்டு, நன்றாக வியர்த்ததும் ஒரு சொத்தைப் பாட்டைப் போட்டு பார் பக்கம் துரத்த வேண்டும். இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட சங்கீத ஞானம்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். அந்த டார்ச் வெளிச்சம் கண்ணில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் கொதிக்கும். இந்த லட்சணத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. தமிழ்ப் பாட்டே கூடாது, குத்துப் பாட்டும் கானாவும் அறவே கூடாது. இங்கிலீஷ் ஓடலாம், இந்தி ஓடலாம். தமிழ் ஓடினால் இடத்தின் தரம் போய்விடுமாம்.

"இது ஒண்ணும் உங்க ஊர்த் திருவிழா இல்லப்பா. இங்க ஒரு கிளாஸ் மெயின்டெயின் பண்றோம்" என்றார் மேனேஜர்.

"இந்திக்காரன் பாட்டுல மட்டும் அந்த கிளாஸ் எங்க சார் கீது? அதுவும் குத்துதான். அவன் பாஷைல குத்துறான்" என்றேன்.

"வேலைய மட்டும் பாரு."

பாரில் சரக்கு ஊற்றிக்கொடுத்த திருநெல்வேலிக்காரன் என் வயசுதான். அவன் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "ஏலே, நீ வாய வச்சிக்கிட்டு சும்மா கெடக்க மாட்டியா? அவரு டார்ச் அடிக்காரு, நீ மாத்திட்டுப் போவியா, அத விட்டுட்டு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாட்டை மாற்றுகிற பொத்தானை அமுக்க மட்டும்தான் ஆள் வேண்டும் என்றால் அதற்கு நான் எதற்கு? யாரை வேண்டுமானாலும் நிற்க வைக்கலாமே. அடுத்த பாட்டு எது என்று நான் முடிவு பண்ணினால் நான் டிஜே. இல்லையென்றால் நான் ஸ்விட்சுப் பலகை. இதை விட்டுக்கொடுத்துவிட்டு அந்த மேடையில் நிற்பது எனக்கு அசிங்கமாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கம்பெனி ஒன்று, காருக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி, உற்பத்தி இலக்கைத் தாண்டிவிட்டதென்று லைனில் வேலை செய்கிற பையன்களுக்காக ஹாலை ஒரு சாயங்காலத்துக்கு வாடகைக்கு எடுத்தது. கம்பெனி பஸ் வாசலில் வந்து நின்றது. முக்கால்வாசிப் பேர் மதுரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு ரூமுக்குள் நெருக்கியடித்துக் குடியிருப்பவர்கள். செருப்புப் போட்டால் உள்ளே விட மாட்டார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த ஒரே ஷூ கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ. முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த அந்தக் கனமான ஷூவைப் பாலிஷ் போட்டு, இஸ்திரி போட்ட பேன்ட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டு, அத்தனை பேரும் வரிசையாகப் படியேறி வந்தார்கள். மேனேஜருக்கு மூஞ்சி வெளுத்துவிட்டது. அவருக்குக் கண்ணாடித் தரையைப் பற்றிய கவலை.

"இவங்கள ஆட விடாதே. மெதுவாவே போட்டு ஓட்டிடு" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

சரி என்று ஆரம்பித்தேன். மெதுவான இங்கிலீஷ் பாட்டு, அப்புறம் மெதுவான இந்திப் பாட்டு. பையன்கள் கையில் கூல்டிரிங்ஸோடு சுவரை ஒட்டி நின்றார்கள். ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் சூப்பர்வைசர் பேசுவதைக் கேட்க நிற்பார்களே, அந்த மாதிரி. ஒருத்தன்கூடக் கண்ணாடிமேல் கால் வைக்கவில்லை. அவர்களைக் கூட்டி வந்த எச்.ஆர். அதிகாரி மட்டும் நடுவில் நின்று கையைத் தட்டி "ஆடுங்கப்பா, ஆடுங்கப்பா" என்று பாவமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இவர்களுக்கென்று எடுத்த ஹாலில் இவர்கள் ஏன் இப்படி விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டும்?

என் பையில் எப்போதும் ஒரு கானா கேசட் இருக்கும். எடுத்து டெக்கில் போட்டேன். முதல் அடி விழுந்ததும் ஹாலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு விசில். அவ்வளவுதான், சுவரெல்லாம் காலியாகிவிட்டது. டார்ச் ஒரு தடவை அடித்தது. இரண்டு தடவை அடித்தது. அப்புறம் கணக்கில்லாமல் அடித்தது. நான் திரும்பி நின்றுகொண்டேன். முதுகில் டார்ச் அடித்தால் எனக்கென்ன? அடுத்தது குத்து, அதற்கடுத்தது இன்னும் பலமான குத்து. திருநெல்வேலிக்காரன் கவுண்டருக்குப் பின்னால் கிளாஸைத் துடைத்துக்கொண்டே தோளைக் குலுக்கி ஆடியதை என் கண்ணால் பார்த்தேன். தரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கே வேலை போகும் என்றுதான் இருந்தேன். போகவில்லை. எச்.ஆர். அதிகாரி போகும்போது மேனேஜரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி எங்கேயும் பார்த்ததில்லை என்றாராம். அவர் சொல்லி இன்னொரு கம்பெனி வந்தது, அது சொல்லி மறைமலை நகரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. சென்னையிலிருந்த முதலாளி போன் பண்ணி மேனேஜரைப் பாராட்டினாராம். மேனேஜர் என் தோளில் தட்டி, "அன்னைக்கு என்ன போட்டியோ அதையே போடு" என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தமிழ்ப் பாட்டை அந்த ஹாலுக்குள் கொண்டு வந்தவன் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொஞ்ச நாளில்தான் உறைத்தது. "அதையே போடு" என்றால் அதையேதான். அந்தப் பாட்டுகள், அந்த வரிசை, அந்த இடத்தில் அந்த இடைவெளி. புதிதாக ஒரு கானாவை நடுவில் சொருகினால்கூட டார்ச் அடிக்கும். முன்பு குத்துப் போடாதே என்று அடித்த அதே டார்ச், இப்போது குத்துப் போடு என்று அடித்தது. நல்லா ஓடுறதை எதுக்குப்பா மாத்தணும் என்பார். பாட்டுதான் மாறியிருந்தது. என் நிலைமை மாறவில்லை.

முதலில் வந்த கம்பெனியே அதற்குள் பல தடவை வந்துவிட்டு, திரும்பவும் ஹாலை எடுத்த சாயங்காலம் அது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டு முடியும் முன்னாலேயே அடுத்த பாட்டுக்கான ஸ்டெப்பை ஆரம்பிப்பதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே ஒருத்தன் என் மேடைப் படியில் ஏறி வந்தான். ராமநாதபுரம் பக்கத்துக்காரன்.

"அண்ணே, இதுக்கடுத்து எது, அதுக்கடுத்து எதுன்னு நான் சொல்லவா?"

"சொல்லு பாப்போம்."

வரிசையாகச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கோவிச்சுக்காதிய அண்ணே. லைன்ல நிக்கிற மாதிரியே இருக்கு. கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கயோ இருக்கும்."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவன் இறங்கிப் போனான். பாட்டு முடியப் போகிறது. அடுத்தது எது என்று ஹாலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், என் கைக்கும் தெரியும். கை அந்தப் பாட்டை நோக்கித் தானாகவே போனது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு என்ஜினியர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சிடி ஒன்று மேடையில் கிடந்தது. அதில் ஒரு பெண் பியானோவோடு மெதுவாகப் பாடுவாள். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. மத்தியானங்களில் ஹால் காலியாக இருக்கும்போது, ஒயர் சரிபார்க்கிற சாக்கில் அதைப் போட்டுக் கேட்பேன். எனக்கு மட்டும் பிடித்த பாட்டு. ஆடுகிறவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அதைப் போட்டேன்.

தூக்கிய கால்கள் அப்படியே நின்றன. "இன்னாண்ணே, தூங்க வைக்கிறியா?" என்று உள்ளூர்ப் பையன் ஒருத்தன் கத்தினான். சில பேர் ஊளையிட்டார்கள். சில பேர் பார் பக்கம் போனார்கள். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ராமநாதபுரத்துக்காரன் கண்ணாடித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவன் உட்கார்ந்து காலை நீட்டினான். அப்புறம் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். கலர் லைட்டுக்கு மேலே ஒருத்தன் இன்னொருத்தன் முதுகில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான்.

மேனேஜர் படியேறி ஓடி வந்தார்.

"என்னப்பா பண்றே? மாத்து."

"மாத்த மாட்டேன் சார்."

"டான்ஸ் ஃப்ளோர்ல யாராவது உக்காருவாங்களா? பாரு எப்படி இருக்குன்னு."

"காலைலேர்ந்து நின்னுகினு கீறாங்க சார். குந்தட்டும்."

"குத்துப் போடணும்னு நீதானே என்னோட சண்டை போட்டே? இப்ப அதைப் போடுன்னாலும் போட மாட்டேங்கிறே. உனக்கு என்னதான்யா வேணும்?"

"நீங்க சொல்லித்தான் போடணும்னா எனக்கு குத்தும் வேணாம் சார்."

"நாளைலேர்ந்து நீ வராதே."

"வரல."

அவர் சவுண்ட் மிக்ஸரை நோக்கிக் கையை நீட்டினார். பாட்டை ஏற்றி இறக்குகிற ஃபேடரின் மேல் என் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டேன். எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. கீழே அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்து இழுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பாட்டு முடியட்டும் சார்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் பாடி முடிக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றோம்.