நிறுத்தி வைத்த மூன்று மெயில்கள்

தஞ்சாவூரில் ஓர் அரிசி ஏற்றுமதி அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே டைப் அடித்த அக்கா குடவாசல்காரர். அவர் கணவர் விசா முடிந்தும் வளைகுடாவில் ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்தார். மெயில் போட்டால் எங்கள் அலுவலக முகவரிக்குத்தான் போடுவார்.

குப்பை மெயில் தாங்கவில்லை என்று மேனேஜர் சத்தம் போட, நான் ஒரு ஃபில்டர் போட்டேன். இலவச மெயில் முகவரியிலிருந்து, தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால் சர்வர் நிறுத்தி வைத்துவிடும். நிறுத்தியதைத் தினமும் நான் திறந்து பார்க்க வேண்டும். முதல் வாரம் பார்த்தேன். எல்லாம் லாட்டரி. பிறகு விட்டுவிட்டேன்.

அந்த நாட்டில் விசா முடிந்து தங்கியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். கெடுவுக்குள் பாஸ்போர்ட் நகலோடு போனால் தண்டனையில்லாமல் ஊர் திரும்பலாம். அக்கா கணவரின் பாஸ்போர்ட் அங்குள்ள முதலாளியிடம், நகல் குடவாசல் வீட்டில். எந்த எண்ணுக்கு ஃபேக்ஸ் அனுப்புவது என்று மெயிலில் சொல்வதாகக் கடைசியாக போனில் பேசியபோது சொல்லியிருந்தார். அக்கா நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் என் மேசைக்கு வந்தார். கணவருடைய போன் கிடைக்கவில்லை, அக்கா கேட்டு அனுப்பிய மெயிலுக்கும் பதில் காணோம். நான் இன்பாக்ஸைப் பார்த்துவிட்டு, வரவில்லை என்பேன்.

எட்டாம் நாள் ஒரு வியாபாரி, தன் ஆர்டருக்குப் பதிலே இல்லை என்று கோபப்பட்டார். அப்போதுதான் நிறுத்தி வைத்த பட்டியலைத் திறந்தேன். வியாபாரியின் மெயிலுக்குக் கீழே அக்கா கணவருடைய மெயில்கள் மூன்று. மூன்றிலும் தலைப்பு, அவசரம் என்று பெரிய ஆங்கில எழுத்தில். கெடு முந்தின நாளே முடிந்திருந்தது.

அக்காவிடம் சர்வர் கோளாறு என்றேன். அழுதுகொண்டே, "நீங்களாவது தேடி எடுத்தீங்களே தம்பி" என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். ஃபில்டரை எடுத்தேன். மறுமாதமே மேனேஜர் திரும்பப் போடச் சொன்னார், போட்டேன்.

அக்காவின் கணவர் பிடிபட்டுச் சில மாதம் சிறையில் இருந்தார். இனி அங்கே நுழைய முடியாதபடி கைரேகை எடுத்து அனுப்பிவைத்தார்கள். அவர் வந்திறங்கிய வாரம், அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தினம் வந்து நின்னேனே. ஒரு நாள்கூட அதைத் திறந்து பாக்கணும்னு தோணலையா?"

"தோணலைக்கா."

அக்கா திட்டவில்லை. போய்த் தன் வேலையைப் பார்த்தார். மறுநாளிலிருந்து என்னை சார் என்று கூப்பிட்டார்.